துவைக்கிற கல்லில் லினக்ஸ்

திருப்பூரில் அப்போதெல்லாம் கம்ப்யூட்டருக்கு என்ன நோவு வந்தாலும் ஒரே வைத்தியம்தான்: ஃபார்மட் அடிப்பது. பிரிண்டர் ஓடவில்லையா, ஃபார்மட். மெயில் திறக்கவில்லையா, ஃபார்மட். மவுஸ் ஒயர் கழன்று தொங்கியதற்கே ஒரு புண்ணியவான் வந்து ஃபார்மட் அடித்தார். பிறகு போகிற போக்கில் ஒயரையும் சொருகிவிட்டு, "இப்பப் பாருங்க, ஜம்முனு ஓடுது" என்று காசு வாங்கிக்கொண்டு போனார். என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். அந்த ஆள் அழித்துவிட்டுப் போனது நான் எழுதிய புரோகிராமை. வயிறு எரியுமா எரியாதா?

அது என்ன புரோகிராம் என்று சொல்லிவிடுகிறேன். மங்கலம் ரோட்டில் ஒரு பனியன் கம்பெனி. நான் படித்தது கம்ப்யூட்டர் டிகிரி. ஆனால் தெற்கேயிருந்து ஒரு பையோடு வந்து இறங்கியவனுக்கு முதலில் கிடைத்தது பேக்கிங் வேலை. பனியனை மடி, கவரில் போடு, அட்டைப்பெட்டியில் அடுக்கு, டேப் ஒட்டு. எல்லாம் நின்றபடியே. சாயங்காலம் காலைத் தொட்டுப் பார்த்தால் வேறு யாருடைய காலையோ தொட்ட மாதிரி இருக்கும். பெட்டிக்குப் பெட்டி ஸ்டிக்கர் வேறு: என்ன நிறம், என்ன சைஸ், எத்தனை பீஸ், எத்தனையாவது பெட்டி. ஆபீஸில் அதை ஒவ்வொன்றாக டைப் அடிப்பார்கள். பாதி தப்பாக வரும். ஒட்டியதைக் கிழித்து, கிழித்ததை ஒட்டி நாங்கள் மாரடிப்போம். ஒரு நாள் கடுப்பு தாங்காமல் முதலாளியிடம் போய், "நான் ஒரு புரோகிராம் எழுதித் தாரேன், அதுவே அடிச்சுத் தள்ளிரும்" என்று வாயை விட்டேன். எழுதினேன். அதுவும் தள்ளியது. பேக்கிங் டேபிளிலிருந்து என்னைப் பிடுங்கி ஆபீஸ் ரூமில் நட்டார்கள். ஃபேனுக்கு அடியில், முதுகு சாய்கிற மாதிரி ஒரு சேர். அந்தச் சேரில் முதல் நாள் உட்கார்ந்தபோது எனக்கு அழுகையே வந்தது. வெட்கம் என்ன இதில், வந்தது.

அந்தச் சேருக்குத்தான் ஃபார்மட் ஆள் உலை வைத்தார். பென்டிரைவில் சாம்பிள் போட்டோ கொண்டு வருகிறவர்கள் கூடவே வைரஸும் கொண்டு வருவார்கள். கம்ப்யூட்டர் படுக்கும். அவர் வருவார். என் புரோகிராம் போகும். பழைய புத்தகக் கடையில் ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோடு ஓசியாக வந்த, விண்டோஸுக்குப் பதில் போடுகிற லினக்ஸ் சிடியை எடுத்துக்கொண்டு நான் முதலாளியிடம் போனது அதனால்தான். வைரஸ் அண்டாது, புரோகிராம் எழுத இதைவிட நல்ல இடம் இல்லை என்று நீட்டி முழக்கினேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"ஓசிங்களா?"

"ஓசிங்க."

"அப்பப் போடுங்க. ஆனா தம்பி, நல்லாக் கேட்டுக்குங்க. ஒரு லோடுக்கு ஸ்டிக்கர் வர்லீன்னாக்கூட நீங்க பழையபடி பேக்கிங்குக்கே போயிருங்க. சரீங்களா?"

அவர் குன்னத்தூர்க்காரர், கொங்குப் பக்கம். தெற்கே எங்கள் ஊரில் கோபம் வந்தால் முதலில் மரியாதைதான் பறக்கும். இவர் கழுத்தை அறுப்பதாக இருந்தாலும் "வலிக்குதுங்களா" என்று கேட்டுத்தான் அறுப்பார். முதலில் எனக்கு இவர் மிரட்டுகிறார் என்றே புரியாது. ஆனால் அன்றைக்குப் புரிந்தது.

லினக்ஸ் போட்டேன். சிடி சுற்றியது, நின்றது, கறுப்புத் திரையில் ஒரு சின்னக் கோடு மட்டும் மினுக்மினுக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்த்தேன், அது என்னைப் பார்த்தது. படம் வரவில்லை. பிரவுசிங் சென்டருக்குப் போய், எனக்கு வந்த இதே கதி அமெரிக்காவில் எவனுக்காவது வந்திருக்கிறதா என்று தேடினேன். உலகம் பூராவும் வந்திருந்தது. அவர்கள் சொன்ன வரிகளை ஒரு அட்டைப்பெட்டி மூடியில் எழுதி எடுத்து வந்து, மானிட்டரின் முதுகில் ஒட்டியிருந்த எண்களைப் பார்த்து ஒரு கோப்பில் கையால் அடித்துச் சேர்த்த பிறகு படம் வந்தது. படம் வந்ததும் பிரிண்டர் போனது. ஸ்டிக்கர் ரோல் பூராவும் கோழி கிளறிய மாதிரி எழுத்து. அதற்கு ஒரு அட்டை மூடி. தமிழ் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக வந்தது. அதற்கு ஒன்று. பேக்கிங்கில் பெட்டிகள் மூடி இல்லாமல் நிற்பதாகப் புகார் வந்தது.

எல்லாம் ஓடியபோது ஒரு குறை மிச்சம். வேகம் இல்லை. லினக்ஸோடு வந்த அலங்காரமெல்லாம் எங்கள் கிழட்டு மிஷினுக்குத் தாங்கவில்லை. மெனுவைத் தொட்டுவிட்டுப் போய் டீ குடித்துவிட்டு வந்தால் அப்போதுதான் திறந்துகொண்டிருக்கும். முதலாளியிடம் கொஞ்சம் ரேம் வாங்கித் தரச் சொன்னேன்.

"ஓசின்னு சொன்னீங்க?"

"ஆமாங்க."

"ஓசிக்கு எதுக்குங்க ரேமு?"

வந்து உட்கார்ந்தேன். கோபம் தலைக்கு ஏறியது. ரேம் இல்லையா, சரி, எனக்கு எதுவுமே வேண்டாம் என்று ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தேன். பின்னணிப் படம் போனது. ஐகான்கள் போயின. மெனு போனது, கீழே இருந்த பட்டை போனது, கடிகாரமும் போனது. கடைசியில் ஆளை வரவேற்கிற படத்திரையையும் தூக்கிவிட்டேன். மிஷினைப் போட்டால் கறுப்பு, அதில் ஒரே ஒரு கேள்வி, யார் நீ. பதில் சொன்னால் உள்ளே இன்னொரு கறுப்பு. அங்கே பச்சை எழுத்தில், நான் புரோகிராம் எழுதுகிற எடிட்டர். எல்லாவற்றுக்கும் ஒரு கீ. மவுஸைப் பிடுங்கிக் கணக்கருக்குத் தானமாகக் கொடுத்தேன். அடேயப்பா, என்ன வேகம்! நினைப்பதற்குள் திறக்கும். புரோகிராமை எழுதி, ஓட்டி, தப்பைத் திருத்தி, மறுபடி ஓட்டி முடிக்கும்போது பக்கத்து மிஷினில் இன்னும் விண்டோஸ் கொடியே பறந்துகொண்டிருக்கும்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் இந்த மாற்றுகிற பைத்தியம் கழற்றுவதோடு நிற்பதில்லை. கீபோர்டில் எழுத்துகளின் வரிசையே தப்பு, இன்னொரு வரிசை இருக்கிறது, அதில் விரல் நோகாது, வேகம் பிய்த்துக்கொண்டு போகும் என்று எங்கோ படித்தேன். மாற்றினேன். கீயின் மேல் அச்சடித்திருப்பது அப்படியே இருக்கும். ஆனால் பி-யை அமுக்கினால் எக்ஸ் விழும், எஸ்ஸை அமுக்கினால் ஓ விழும். கொஞ்ச காலம் நத்தை மாதிரி ஊர்ந்தேன். பிறகு விரல்களுக்குப் பழகிவிட்டது. எனக்குப் பழகவில்லை, விரல்களுக்கு மட்டும்தான். எந்த எழுத்து எங்கே என்று கேட்டால் எனக்குத் தெரியாது, கையைக் கீபோர்டில் வைத்தால் அது தானாகப் போகும்.

முதலாளி ஒரு நாள் எட்டிப் பார்த்து, "இதென்னுங்க, பொட்டி எழவு ஊடாட்டக் கெடக்குது?" என்றார். இழவு வீடு மாதிரியாம். ஃபார்மட் ஆள் ஒரு தடவை வந்து நாலு கீயைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இது நம்ம லைன் இல்லீங்க" என்று கும்பிடு போட்டுப் போனார். அன்றைக்கு எனக்கு இருந்த குஷியைச் சொல்ல முடியாது. இந்த மிஷினை இனி என்னைத் தவிர ஒரு பயல் தொட முடியாது. அப்படியென்றால் இந்தச் சேரும் என்னைத் தவிர யாருக்கும் இல்லை. உள்ளதைச் சொன்னால், விரல் நோகாது என்பதெல்லாம் சும்மா. இதற்குத்தான் மாற்றினேன்.

பிறகு எனக்கு அம்மை போட்டது.

நான் இருந்தது ஒரு காம்பவுண்டு வீடு. வரிசையாக ஒற்றை அறைகள், நடுவில் பொது வாசல், ஓரத்தில் குழாயும் துவைக்கிற கல்லும். வீட்டுக்காரம்மா என் முகத்தில் முதல் கொப்புளத்தைப் பார்த்ததுமே, "கண்ணு, அம்மா வந்திருக்குது" என்று கதவில் வேப்பிலையைக் கட்டி என்னை உள்ளே தள்ளிவிட்டார். இனி தலைக்குத் தண்ணி ஊத்தும் வரை நான் வெளியே வரக் கூடாது, வெளியாள் உள்ளே வரக் கூடாது, அந்தக் காம்பவுண்டிலேயே யாரும் தாளிக்கக் கூடாது. கடுகு வாசனை இல்லாமல் சாப்பிட வேண்டியிருந்த பக்கத்து அறைக்காரர்கள் என்னை என்ன திட்டினார்களோ. எனக்குக் காது மடலிலிருந்து உள்ளங்கால் வரை முத்து. செல்போனைக் காதில் வைத்தால் உயிர் போய் உயிர் வந்தது.

கம்பெனியில் லோடு ரெடி. தூத்துக்குடிக்கு அன்று சாயங்காலம் லாரி. பெட்டிகள் நிற்கின்றன, ஸ்டிக்கர் இல்லை. கையால் எழுதி ஒட்டினால் வெளிநாட்டுக்காரன் பெட்டியைத் திருப்பி அனுப்பிவிடுவான். மத்தியானம் முதலாளியின் வேன் காம்பவுண்டு வாசலில் வந்து நின்ற சத்தம் கேட்டதும் எனக்குத் தெரிந்துவிட்டது, சேர் போச்சு.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மனிதர் என் மானிட்டரைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு இறங்குகிறார்.

"தம்பி, நீங்க வர முடியாதுன்னு சொன்னாங்க. அதான் பொட்டியக் கொண்டாந்துட்டேன்."

"உள்ளே வாங்க" என்றேன் பழக்கத்தில்.

"ஐயோ, வேண்டாமுங்க, எனக்கு இன்னும் போடலீங்க!" அவர் நாலடி பின்னால் போனார். வீட்டுக்காரம்மா குறுக்கே வந்து நின்றார். ஆளும் உள்ளே போகக் கூடாது, மிஷினும் போகக் கூடாது, நானும் அதைத் தொடக் கூடாது. இவர்கள் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் 'ங்க' போட்டுப் பேசி முடிவு செய்ததில், துவைக்கிற கல்லின் மேல் மானிட்டரும் சிபியூவும் கீபோர்டும் ஏறின. கவிழ்த்த வாளியின் மேல் பிரிண்டர். வீட்டுக்காரம்மா வீட்டிலிருந்து ஒயர் இழுத்தாயிற்று. எல்லாம் சரியாக நடக்கிறதே என்று நான் மூச்சு விட்டபோது அந்தம்மா ஒரு சொம்போடு வந்தார். அம்மா இருக்கிற இடத்துக்குப் புதுச் சாமான் வந்தால் மஞ்சத்தண்ணி தெளிக்காமல் எப்படி?

"தெளிக்காதீங்க! செத்துப் போயிரும்!" என்று கத்தினேன். தொண்டையிலும் முத்து. கத்தியது நாய்க்குட்டி முனகிய மாதிரி கேட்டிருக்கும். முதலாளி பாய்ந்து பெட்டிக்கும் சொம்புக்கும் நடுவில் நின்றார். மஞ்சத்தண்ணி பூராவும் அவருடைய வெள்ளைச் சட்டையில். அந்தம்மா அசரவில்லை. ஒரு வேப்பங்கொத்தை ஒடித்து மானிட்டர் தலையில் சொருகிவிட்டுத்தான் போனார்.

மிஷின் ஓடியது. கறுப்பு.

"லாகின்னு கேக்குதுங்க."

பாயில் உட்கார்ந்து, தொடையின் மேல் விரல்களை வைத்து, இல்லாத கீபோர்டில் அடித்துப் பார்த்தேன். எந்த விரல் எங்கே போகிறது என்று பார்த்து, அந்த இடத்தில் சாதாரணக் கீபோர்டில் என்ன அச்சடித்திருக்கும் என்று யோசித்து, ஒவ்வொன்றாகச் சொன்னேன். "ஆர் அமுக்குங்க. ஏ. ஐ. வி."

"ஏனுங்க, ஆர் அமுக்குனா பி விழுகுதுங்க! கீபோர்டு கெட்டுப்போச்சுங்களா?"

"இல்லீங்க. நான்தான் மாத்தி வெச்சேன்."

"எதுக்குங்க?"

வாசலில் வேடிக்கை பார்க்கக் கூடியிருந்த பெண்களும் என் ஜன்னலையே பார்த்தார்கள். "ஃபாஸ்டா அடிக்கலாமுங்க" என்றேன். முதலாளி ஒரு விரலைத் தூக்கிக்கொண்டு அடுத்த எழுத்துக்காகக் காத்திருந்தார். அந்த வேகத்தைப் பார்த்தபோது நான் சொன்ன காரணம் எனக்கே எரிச்சலாக இருந்தது.

"பாஸ்வேர்டு கேக்குதுங்க."

இங்கேதான் மாட்டிக்கொண்டேன். ரேம் இல்லை என்று சொன்ன அன்றைக்குக் கோபத்தில் நான் பாஸ்வேர்டையும் மாற்றியிருந்தேன். தினமும் காலையில் அதை அடித்துவிட்டு வேலையை ஆரம்பித்தால் மனசுக்கு ஒரு நிம்மதி. அது அவரைப் பற்றிய வார்த்தை. நல்ல வார்த்தை இல்லை.

யோசித்தேன். கீபோர்டின் மேல் இருப்பது வேறு எழுத்து. பாஸ்வேர்டு அடிக்கும்போது திரையில் ஒன்றும் தெரியாது. அவருடைய விரலில் இருப்பது ஏதோ உளறல். தப்பித்தேன் சாமி என்று தைரியமாகச் சொன்னேன். "வி. ஏ. எல். சி. ஏ. ஆர். ஏ. டி. ஏ. பி. அப்பறம் என்டர்."

"ஒண்ணுமே விழுகலீங்களே."

"விழுகாதுங்க. அது ரகசியம்."

"விழுகாட்டி அடிச்சோமா இல்லையான்னு எப்படிங்க தெரியும்?" அவர் நம்பாமல் நடுவிலேயே என்டரை இரண்டு மூன்று தடவை குத்தியிருக்கிறார். மிஷின் தப்பு என்று சொல்லி மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்துவிட்டது. அது எனக்குத் தெரியாது. வேப்பங்கொத்து பாதித் திரையை மறைத்தது.

"மறுக்காச் சொல்லுங்க" என்றார். சொன்னேன். பாஸ்வேர்டைச் சொன்னேன். அவர் அதை, மிஷின் பேர் கேட்கிற இடத்தில், நன்றாகத் தெரிகிற இடத்தில், ஒவ்வொன்றாக அடித்தார்.

"இப்ப விழுகுதுங்க!" என்றார் சந்தோஷமாக. பிறகு கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, எழுத்துக் கூட்டி, காம்பவுண்டுக்கே கேட்கிற மாதிரி வாசித்தார். "கே... ஏ... என்... கஞ்ச... கஞ்சப்... பயல்."

குழாயடியில் குடம் நிரம்பி வழிந்தது. யாரும் குழாயை மூடவில்லை.

"ஆருங்க தம்பி இது?"

"எங்க சித்தப்பாவுங்க" என்றேன். எப்படி வந்தது அந்தப் பொய் என்று இன்றைக்கும் தெரியாது. எனக்குச் சித்தப்பாவே கிடையாது.

"பாவம், சித்தப்பனைப் போயி இப்படிச் சொல்லலாமா கண்ணு?" என்றார் வீட்டுக்காரம்மா. "ரேசன்ல சர்க்கரை வாங்கித் தரமாட்டாரோ என்னமோ" என்றாள் குழாயடியில் இருந்தவள். எல்லோரும் சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. "அப்படிங்களா" என்றார். அவ்வளவுதான். மறுபடி முதலிலிருந்து அடித்தார். இந்தத் தடவை பாஸ்வேர்டுக்கு நான் வாயைத் திறக்கவே வேண்டியிருக்கவில்லை, அவருக்கே கீ ஞாபகம் இருந்தது. உள்ளே போனார். ஆர்டர் நம்பரை அடித்தார். நம்பர்களை மட்டும் நான் மாற்றாமல் விட்டிருந்தேன், பிழைத்தோம். வாளியின் மேல் பிரிண்டர் கரகரவென்று ஓடியது. சுருள் சுருளாக இறங்கிய ஸ்டிக்கரை ஈரத்தில் விழாமல் பெண்கள் முந்தானையில் ஏந்திக்கொடுத்தார்கள். அவர் எல்லாவற்றையும் வேனில் ஏற்றி, வேப்பங்கொத்தோடு மானிட்டரையும் ஏற்றி, "உடம்பைப் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். லாரி போய்விட்டது என்று சாயங்காலம் தகவல் வந்தது.

லோடு போனது, சரி. சேர்? அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். அரிப்பைவிட அதுதான் அரித்தது. அந்த 'அப்படிங்களா' நம்பியவர் சொன்னதா, நம்பாதவர் சொன்னதா? திட்டியிருந்தால்கூட நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். டேபிளில் நின்றுகொண்டு டேப் ஒட்டுவதாகக் கனவு வந்தது. அந்தக் கனவிலும் கால் வலித்தது.

தண்ணி ஊத்தி, தழும்போடு கம்பெனிக்குப் போனேன். சேர் இருந்த இடத்தில் இருந்தது. முதலாளி, "தேவலீங்களா?" என்றார். "தேவலாமுங்க" என்றேன். வேறு பேச்சே இல்லை. நம்பிவிட்டார் என்று முடிவு செய்தேன். அப்பாடா! உட்கார்ந்த கையோடு முதல் வேலையாகப் பாஸ்வேர்டை மாற்றினேன். யார் வாசித்தாலும் குற்றம் சொல்ல முடியாத ஒரு சாமி பேரை வைத்து, மிஷினைப் பூட்டிவிட்டு, பேக்கிங்கில் பெட்டிக் கணக்கு பார்க்கப் போனேன். பழைய டேபிள்காரர்கள் தழும்பைத் தொட்டுப் பார்த்து விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

ஆபீஸ் ரூம் கதவு திறந்தது. முதலாளி வாசலில் நின்று, அத்தனை டேபிளையும் தாண்டி, எப்போதும் போல மரியாதையாகக் கூப்பிட்டார்.

"ஏனுங்க தம்பி! எம் பேரை மாத்திப்போட்டீங்களா? உள்ளே உடமாட்டேங்குதுங்க."

டேபிளில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பெட்டிக் கணக்கைக் கீழே வைத்துவிட்டுப் போனேன். அவர் சேரைத் துண்டால் ஒரு தட்டுத் தட்டி, இழுத்துப் போட்டார்.

"உக்காருங்க. லோடு போயிருச்சு, பேச்சு மாற மாட்டேன், சேரு உங்களுதுதான். ஆனா பழைய பேரையே வெச்சிருங்க. நீங்க படுத்திருந்தப்ப தெனமும் அடிச்சு அடிச்சு எனக்கு வெரல்ல பதிஞ்சு போச்சு."

"முதலாளி, அது வந்து..."

"அடிங்க தம்பி. நான் இருக்கேன்."

அவர் என் தோளுக்குப் பின்னால் நின்றார். மஞ்சள் கறை போகாத அதே சட்டை. அடித்தேன், ஒவ்வொரு எழுத்தாக. திரையில் ஒன்றும் விழவில்லை, ஆனால் அவருக்கு ஒவ்வொன்றும் தெரியும். அடித்து முடித்ததும், உறுதி செய்ய இன்னொரு தடவை அடி என்று கேட்டது லினக்ஸ்.